கதவு பூட்டியாச்சா? படுக்கையோரம் வந்து பாட்டுக் கட்டிக் கொடுத்தவரைப் பற்றி

அம்மாவுக்கு இனிமேல் சிகிச்சை வேண்டாம், வலியில்லாமல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நாங்கள் முடிவெடுத்த வாரத்தில், கடைசிக் காலத்தில் நோயாளியை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் குழுவிலிருந்து ஒரு தாள் கொடுத்தார்கள். நர்ஸ் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், டாக்டர் போனில் கிடைப்பார், தலைப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டில், ஆக்சிஜன் மெஷின், இன்னும் என்னென்னவோ. கடைசி வரியில், "விருப்பப்பட்டால் பாடல் எழுதுபவர் வீட்டுக்கு வருவார்" என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரியில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க முடியாமல் இருக்கிறவளுக்குப் பாட்டு எதற்கு? அதற்குப் பதில் இன்னும் ஒரு நர்ஸை அனுப்பக்கூடாதா என்று கேட்டேவிட்டேன்.

நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவை வரட்டும். பிடிக்கலன்னா அடுத்த தடவை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். அப்புறம் அம்மாவுக்குப் புண்ணைத் துடைத்துக்கொண்டே சிசிலி சாண்டர்ஸ் பற்றிச் சொன்னார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்குப் பிறகுதான் படித்து டாக்டரானவர். சாகப்போகிறவருக்கு வலி உடம்பில் மட்டும் இல்லை. மனசில் ஒரு வலி, குடும்பத்தை நினைத்து ஒரு வலி, 'நான் எதுக்கு வாழ்ந்தேன்' என்று ஒரு வலி, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னவர் அவர்தானாம். "மார்ஃபின்ங்கிற வலி மருந்து ஒரு பாகத்துக்குத்தான். மத்ததுக்கும் யாராவது வரணும்ல" என்றார் நர்ஸ். சரி, வரட்டும் என்றேன்.

இதை எழுதுவதற்குக் காரணம், இப்படி ஒரு சேவை இருப்பது எனக்கு அந்தத் தாளைப் பார்க்கும் வரை தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், நீங்கள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், நல்லது கெட்டது இரண்டையும் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பெயரை இங்கே போடவில்லை. அம்மா அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டாள், நானும் மனசுக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. அவர் இசை சிகிச்சையாளர் இல்லை. போனில் பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நான் பாட்டு எழுதுறவன். இசை சிகிச்சைன்னு தனியா ஒரு படிப்பு இருக்கு, அதை நான் படிக்கலை. ஹாஸ்பிஸ்ல வேலை செய்யப் பழகியிருக்கேன், அவ்வளவுதான்." இந்த வித்தியாசம் முக்கியம். தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் நோய்த்தணிப்புப் பிரிவுகளில் முறையாகப் படித்த இசை சிகிச்சையாளர்கள் 1970-களிலிருந்தே இருக்கிறார்கள். மான்ட்ரியலில் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் சூசன் மன்ரோ செய்ததைப் பற்றி 1978-லேயே மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அது ஒரு வகை. கலிஃபோர்னியாவில் கேட் முங்கர் என்பவர் 2000-ல் தொடங்கிய த்ரெஷோல்ட் கொயர் இன்னொரு வகை: இரண்டு மூன்று பேர் கட்டிலருகே உட்கார்ந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், மெல்ல, சின்னச் சின்ன வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். எங்கள் தம்பி செய்தது மூன்றாவது வகை. நம் வீட்டுப் பேச்சை எடுத்து நமக்கே பாட்டாகக் கட்டித் தருவது.

முதல் நாள் வருவதற்கு முன்னால் அவர் கேட்டது, "மார்ஃபின் சிரப் எத்தனை மணிக்குக் கொடுப்பீங்க?" கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து வருகிறேன், அப்போது வலி கொஞ்சம் அடங்கியிருக்கும், ரொம்பத் தூக்கமும் வந்திருக்காது என்றார். இதை ஒரு பாட்டுக்காரர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. வந்ததும் கை கழுவினார், கிட்டாரைக் கிருமிநாசினித் துணியால் துடைத்தார், நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் குட்டை முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கக் கூடாதாம். அவள் கழுத்தைத் திருப்பச் சிரமப்படுவதை உள்ளே வந்த ஒரு நிமிடத்தில் கவனித்திருக்கிறார்.

"சினிமாவுக்கு எழுதுவீங்களா தம்பி?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. சின்ன மேடையில பாடுறவன்."

அவர் 'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அம்மா 'என்ன இருக்கு சொல்ல' என்று முடித்திருப்பாள், எனக்குத் தெரியும். அவர் கேட்டது இது: "இந்த வீட்ல ராத்திரி கடைசியாத் தூங்குறது யாரும்மா?"

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "நான்தான். கதவு பூட்டியாச்சா, கேஸ் மூடியாச்சா, லைட் அணைச்சாச்சான்னு பாத்துட்டுத்தான் படுப்பேன். இப்ப எந்திரிக்க முடியலை. படுத்த இடத்துலேர்ந்தே இவளைக் கேக்குறேன்."

கேட்பாள். ஒரு தடவை இல்லை, ஒரு ராத்திரிக்குப் பத்துத் தடவை. நான் சோபாவில் கண்ணசந்ததும் "கண்ணு, கதவு பூட்டியாச்சா?" என்பாள். "பூட்டியாச்சும்மா." பத்து நிமிடம் கழித்து மறுபடி. நோயாலும் மருந்தாலும் மறதி வருகிறது என்று அறிவுக்குத் தெரியும், ஆனால் மூன்று மணிக்கு ஏழாவது தடவை கேட்கும்போது என் குரல் எப்படி மாறியது என்பதும் எனக்குத் தெரியும். தம்பி நோட்டில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். அன்றைக்குக் கிட்டாரை வாசித்தது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது தடவை வந்தபோது அண்ணன் வீட்டில் இருந்தான். அவனை அம்மாவோடு உட்கார வைத்துவிட்டு, "உங்ககிட்ட அரை மணி நேரம் பேசணும்" என்று என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் என்னிடம் 'சாப்பிட்டியா, தூங்குனியா' என்று கேட்பார்கள். பதில் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்விகள் அவை. இவர் கேட்டது, "உங்களுக்கு எதுக்குக் கோபம் வருது?"

நான் மணியைச் சொன்னேன். அம்மா கூப்பிடுவதற்காக ஒரு சின்னப் பித்தளை மணியைத் தலையணைப் பக்கம் வைத்திருந்தேன். அது அடிக்காதபோதும் எனக்குக் கேட்க ஆரம்பித்திருந்தது. குளிக்கும்போது கேட்கும், குக்கர் சத்தத்துக்குள் கேட்கும், ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அந்த மணியை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் திருப்பி வைத்துவிட்டேன், ஆனால் வைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணனிடம்கூட. சொல்லிவிட்டு அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த போனில் பதிவை நிறுத்தினார், நிறுத்திவிட்டேன் என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், காத்திருந்தார். போகும்போதுதான், "இந்தப் பாட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. நான் அம்மாவோட பாட்டுன்னு நினைச்சு வந்தேன்" என்றார்.

இந்தச் சேவையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: பாட்டு அப்புறம், முதலில் அந்த அரை மணி நேரம். பார்த்துக்கொள்கிறவருக்கென்று தனியாக நேரம் ஒதுக்காமல், நோயாளியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவராக இருந்தால், உங்களுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதி கிடைக்காது. கூப்பிடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், 'எனக்கும் நேரம் உண்டா?' என்று.

மூன்றாவது தடவை வரிகளைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். அதில் 'வான் தாரகை', 'நித்திய ஒளி' என்றெல்லாம் இருந்தது. அம்மா கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா நான் இப்படிப் பேச மாட்டேனே" என்றாள். அவர் முகம் சுளிக்காமல் அங்கேயே பேனாவால் அடித்தார். அடித்தபின் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்:

கதவு பூட்டியாச்சா கண்ணு, விளக்கணைச்சியா
கண்ணசந்து நீயும் கொஞ்சம் தலை சாய்ச்சியா

அதற்கு என்னுடைய பதில்:

பூட்டியாச்சு பூட்டியாச்சு, நீ தூங்கம்மா
பொழுது விடியும் மட்டும் நான் இருக்கேம்மா

மணியும் வந்தது, 'அடிக்காத மணியெல்லாம் கேக்குதடி எனக்கு' என்று. யார் சொல்கிற வரி என்று அதில் இல்லை. அம்மா சொல்வது போலவும் இருக்கும், நான் என் தோழியிடம் சொல்வது போலவும் இருக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்தேன் என்றார். பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்காமலேயே அதை விட்டுவிட்டார்.

அன்றைக்கு அம்மாவுக்கு மூச்சு வேகமாக இருந்தது, பயமும் இருந்தது, போர்வையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தம்பி உடனே தாலாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். இல்லை. அவள் மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே வேகத்துக்கு இரண்டே தந்திகளை மாற்றி மாற்றி மீட்டினார். நாலைந்து நிமிடம் அப்படியே. அப்புறம்தான், கவனித்தால்தான் தெரியும் என்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தார். அம்மாவின் விரல்கள் போர்வையை விட்டன. அவர் கண் அவள் மார்பைவிட்டு ஒரு நொடி நகரவில்லை, தந்தியைப் பார்க்கவே இல்லை. பிறகு கேட்டபோது, இது பழைய முறைதான், இரா ஆல்ட்ஷூலர் என்ற மனநல மருத்துவர் 1940-களிலேயே எழுதியிருக்கிறார், முதலில் அவங்க இருக்கிற இடத்துக்கு நாம போகணும், அப்புறம்தான் கூட்டிட்டு வரணும் என்றார்.

இதைப் படித்துவிட்டுப் பாட்டு வலியைக் குறைக்கும் என்று எதிர்பார்த்துக் கூப்பிடாதீர்கள். அன்றைக்கு அம்மா அமைதியானது உண்மை, அடுத்த வேளை மருந்து வழக்கமான நேரத்துக்கு வேண்டியிருந்ததும் உண்மை. இறுதிக்கால இசை சிகிச்சை பற்றி 2010-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டுப் பார்ப்பது அது) வாழ்க்கைத்தரம் கொஞ்சம் மேம்படலாம் என்று மட்டும்தான் சொன்னது. அதற்கான ஆய்வுகளே குறைவு, அவையும் வலுவானவை இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. மருந்துக்குப் பதில் பாட்டு என்று யாராவது உங்களிடம் சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நான்காவது தடவை சரியாக அமையவில்லை. சாயங்காலம் அம்மாவுக்குக் குழப்பம் வந்திருந்தது, யார் யார் என்று தெரியவில்லை, கிட்டார் சத்தம் கேட்டதும் முகம் மாறிக் கையை வீசினாள். இரண்டாவது முறை வீசுவதற்குள் அவர் தந்திகளைக் கையால் மூடிவிட்டார். "இன்னைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லி, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வெளியே போய், வாசலில் நின்று நர்ஸுக்குப் போன் செய்து அம்மாவின் குழப்பத்தைச் சொல்லச் சொன்னார். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் அம்மா இருந்தபோது ஒரு குழு ஸ்பீக்கரோடு வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், ஒவ்வொரு கட்டிலாக நின்று பாடிவிட்டுப் போனது. நல்ல மனசோடுதான் வந்திருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுந்து போக முடியாதவர் முன்னால் பாடுகிறவருக்கு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், இருக்கின்றன.

நாங்கள் சரி என்று சொன்னதிலிருந்து அவர் வர 9 நாள் ஆனது. சாதாரணக் காலத்தில் 9 நாள் ஒன்றுமில்லை. ஹாஸ்பிஸில் அது ரொம்ப நீளம். அம்மா அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள், அதனால் தப்பித்தோம். நான் முதல் வாரம் கோபத்தில் வேண்டாம் என்றே விட்டிருந்தால் அவளுடைய சொந்த வார்த்தை ஒன்றுகூட அந்தப் பாட்டில் இருந்திருக்காது. ஹாஸ்பிஸையே ரொம்பத் தாமதமாகக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் பேச்சு இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

அடுத்தது பதிவு. ஐந்தாவது தடவை வந்து, கட்டிலருகே போனை வைத்து அம்மாவுக்கு முன்னாலேயே பாட்டை முழுசாகப் பாடிப் பதிவு செய்தார். பத்து நாள் கழித்து ஸ்டுடியோவில் செய்த வடிவத்தை அனுப்பினார். வயலின் இருந்தது, புல்லாங்குழல் இருந்தது, இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் கூட்டாகப் பாடும் குரல்கள்கூட இருந்தன. அழகாக இருந்தது, ஆனால் எங்கள் வீடு அதில் இல்லை. அவ்வளவு உழைத்திருக்கிறாரே என்று எனக்குச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. சொன்னேன். அவர் வருத்தப்பட்டார் என்று குரலில் தெரிந்தது, ஆனாலும் அன்றைக்கே போனில் எடுத்த பதிவை அப்படியே அனுப்பிவிட்டார்.

உரிமை விஷயத்தை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள். பாட்டு யாருடையது, அவர் மேடையில் பாடலாமா, இணையத்தில் போடலாமா, அம்மாவின் குரல் வரலாமா. எங்களிடம் ஒரு பக்கத் தாளில் எழுதி, என்னிடம் மட்டும் இல்லாமல் அம்மாவிடமும் படித்துக் காட்டிச் சம்மதம் கேட்டார். அவள் "மேடையில பாடுங்க தம்பி, என் பேரு வேண்டாம்" என்றாள். அவள் வாயால் பதில் சொல்ல முடிகிற காலத்தில் கேட்டதால்தான் அது தெரிந்தது. ஹாஸ்பிஸ் குழு வழியாக வந்ததால் எங்களிடம் தனியாகப் பணம் வாங்கவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய குறை, அம்மா போன பிறகு. இரண்டு வாரம் கழித்து ஒரு போன் வந்தது, அன்பாகப் பேசினார், அதோடு முடிந்தது. அவர் செய்வது ஐந்து சந்திப்பு, அதுதான் ஏற்பாடு, அவர்மேல் தப்பில்லை. ஆனால் இந்தச் சேவையை நடத்துகிறவர்கள் ஆறாவதாக ஒன்றை வைக்க வேண்டும். மாதக்கணக்கில் மணிச் சத்தத்துக்கே வாழ்ந்த ஒருத்திக்கு வீடு திடீரென்று அமைதியானால் என்ன ஆகும் என்று யாராவது வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும் சேர்த்துத்தான் இந்தச் சேவை என்றால், அவர் அந்த நாளுக்குப் பிறகும் இருக்கிறாரே.

கடைசி இரண்டு நாள் அம்மா கண் திறக்கவில்லை. மூச்சு கொஞ்ச நேரம் வேகமாக வரும், பிறகு மெல்ல அடங்கி, நின்றே போன மாதிரி இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். பேசிக்கிட்டே இருங்க, கேக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அது ஆறுதலுக்குச் சொல்வது என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் படித்தேன், கனடாவில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நினைவில்லாமல் கிடந்த சிலருடைய மூளையும் சத்தத்துக்கு அசைந்து கொடுத்திருக்கிறது. கேட்டதைப் புரிந்துகொண்டார்களா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது போதும்.

எனக்குப் பாட வராது. பஞ்சை நனைத்து அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே பாடினேன். முதல் இரண்டு வரி அவளுடையது, அவளால் வாய் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்க முடியாததால் அவளுக்காக நானே கேட்டேன். அடுத்த இரண்டு வரி என்னுடையது. பூட்டியாச்சு பூட்டியாச்சு. பத்துத் தடவை இல்லை, நூறு தடவை இருக்கும். மூன்று மணிக்கு எரிச்சலோடு நான் சொன்ன பதிலையெல்லாம் திரும்ப ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்தது. அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், போய் நிஜமாகவே கதவைப் பூட்டிவிட்டு வந்து, "பூட்டிட்டேம்மா" என்றான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்த மாதிரிக் கவனிப்பு தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. மார்ஃபினே கிடைக்காதவர்கள் இருக்கும்போது பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுவது எனக்கே உறுத்துகிறது. ஆனாலும் ஹாஸ்பிஸ் குழு உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால், அவர்கள் தரும் தாளின் கடைசி வரி வரை படியுங்கள், இல்லாவிட்டால் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்புறம், ஸ்டுடியோ பதிவோடு நிறுத்திவிடாமல், போனில் எடுத்ததையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் ஆக்சிஜன் மெஷின் சத்தம் முழுக்க இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு நடுவில் அவர் மூச்சு விடும் இடைவெளியில் அம்மா, மெல்ல, ஆனால் தெளிவாக, "கொஞ்சம் சத்தமாப் பாடு தம்பி, அவ அடுப்படியில இருக்கா, அவளுக்குக் கேக்கட்டும்" என்கிறாள்.